எள்ளளவு கிளிப்

எங்கள் அறையில் ஏசி எப்போதும் கொஞ்சம் கூடுதல். அதனால் வருகிற பெண்களுக்காக என் செலவில் ஒரு சால்வை வாங்கி வைத்திருந்தேன். உங்கள் விசாரணை அறிக்கையில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லவும் நாலு விஷயம் உண்டு.

மார்பில் சந்தேகப்படும் இடத்தில் ஊசி போட்டுச் சதை எடுப்பது என் வேலை. சின்னப் புள்ளியாக இருந்தால், எடுத்த பிறகு படத்தில் அது தெரியவே தெரியாது. ஆகவே அதே இடத்தில் எள்ளளவு உலோகக் கிளிப் ஒன்றை விட்டுவைப்போம். புற்று என்று வந்தால் அறுவை டாக்டருக்கு அதுதான் வழிகாட்டி. அவர் எனக்கு வைத்த பட்டப்பெயர் ஆணி. அடித்தால் அடித்த இடத்தில் நிற்குமாம்.

அண்ணி மேல் எனக்கு உயிர். அவருக்குப் புள்ளி தெரிந்தபோது நேரே என்னிடம்தான் வந்தார். "நீயே பண்ணு. வலிச்சா உங்க அண்ணனைத்தான் திட்டுவேன்" என்று சிரித்தார்.

இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை அழுத்திப் பிடித்துத்தான் ஊசி போடுவோம். கிளிப்பை வைத்துப் படம் எடுத்தேன், கச்சிதம். தட்டை விட்டதும் சதை விரியும். சில சமயம் கிளிப்பும் கூடவே நகரும். யார் கைக்கும் நடப்பதுதான். அதற்காகவே விட்ட பிறகு இன்னொரு படம் எடுப்போம். எடுத்தேன். கிளிப் நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தது.

நகர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அளந்து பார்த்துச் சரியான இடத்தில் வெட்டுவார்கள். ஆனால் ஆணி பிடுங்கிக்கொண்டது என்று கேன்டீனில் சிரிப்பார்களே. எனக்கு ரோஷம் ஜாஸ்தி. இரண்டாவது படத்தை அழித்துவிட்டு முதல் படத்தை அனுப்பினேன்.

ஊசியில் எடுத்த சதையில் புற்று என்று வந்தது. அறுவையில் வெட்டியெடுத்த சதையில் கிளிப் இருந்தது, புற்று இல்லை. "ஊசியிலேயே மொத்தமும் வந்துடுச்சு போல, ஆணி" என்றார் அறுவை டாக்டர். அண்ணி என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணன் கேக் வாங்கி வந்தான். கேக் வெட்டுகிற இடத்தில் அபசகுனமாக எதைச் சொல்வது? நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

இப்போது புற்று எலும்புவரை போய்விட்டது. நேற்று பார்க்கப் போனேன். "நீ மட்டும் அன்னைக்கு அவ்வளவு சுத்தமா எடுக்கலைன்னா நான் எப்பவோ போயிருப்பேன்டி" என்றார் அண்ணி. குளிர்கிறது என்றார். சால்வையைப் போர்த்திவிட்டேன்.

ஆமாம், தெரிந்தேதான் மறைத்தேன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், கிளிப்பைத் தவறான இடத்தில் வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் திருத்திவிடுங்கள். நான் வைத்த இடம் சரி.