அடித்தகடு மட்டும் புதிது

கார் விற்கிறவன் பேச்சை நம்பாதே என்று என் மகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷமாகப் பழைய கார் விற்றுப் பிழைக்கிற எனக்கே எங்கள் ஆட்கள் மேல் நம்பிக்கை கிடையாது. ஓடிய கிலோமீட்டரைக் குறைப்பான், கீறலுக்கு மெழுகு தடவுவான், ஒரே கை ஓட்டிய வண்டி என்று கூசாமல் சத்தியம் பண்ணுவான். நான் அந்த ரகம் இல்லை. கடையில் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் உண்மைவிளம்பி. கிண்டலாக வைத்ததுதான், ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும். இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதற்கெல்லாம் நேற்றிலிருந்து உண்மையைத்தான் சொல்லி வருகிறேன். ஒன்றிரண்டைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்த மின்சாரக் காரை ஏலத்தில் எடுத்தவன் நான்தான். கருநீல நிறம், தோல் இருக்கைகள், முதுகை அமுக்கிவிடுகிற வசதி. கதவில் பிடி இருப்பதே தெரியாது. சாவியோடு பக்கத்தில் போனால் தானாக வெளியே வரும். அதைப் புதிதாக வாங்குவதென்றால் சொத்தை விற்க வேண்டும். எங்கள் முதலாளிக்குப் பெட்ரோல் வண்டிதான் வண்டி. "இந்த பேட்டரி வண்டியெல்லாம் நமக்கு எதுக்குய்யா? கையச் சுட்டுக்காத" என்றார். எல்லோர் முன்னாலும் "என் பொறுப்பு" என்று சொல்லி எடுத்தேன்.

கடைக்குக் கொண்டுவந்து மேலே தூக்கிப் பார்த்தபோது அடித்தகடு நசுங்கியிருந்தது. எதன் மேலோ நல்ல வேகத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. இந்த வண்டிகளில் பேட்டரி தரை முழுக்கப் பரவிக் கிடக்கும், உட்காருகிறவர்களுக்கு நேர் கீழே. தகட்டைக் கழற்றினேன். பேட்டரியைக் குளிர்விக்க ஓடுகிற நீர் ஒரு மூலையில் கசிந்து காய்ந்திருந்தது. துடைத்துவிட்டுச் சார்ஜ் போட்டுப் பார்த்தேன். மெதுவாக ஏற்றினால் ஒரு வம்பும் இல்லை. வேகமாக ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் சிவப்பு எச்சரிக்கை வந்தது, அடியிலிருந்து இனிப்பாக ஒரு வாடையும் வந்தது. உடனே பிடுங்கிவிட்டேன். மறுநாளும் போட்டுப் பார்த்தேன். அதே எச்சரிக்கை, அதே வாடை.

பேட்டரியை மாற்றுவதென்றால் முதலாளியிடம் போய் நிற்க வேண்டும். அவர் திட்ட மாட்டார். சிரிப்பார். அவர் சிரித்தால் கடையே சிரிக்கும். அதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. அதனால் புதுத் தகடு ஒன்றை மாட்டினேன். வண்டியின் நினைவில் பதிந்திருந்த எச்சரிக்கைகளை அழித்தேன். கழுவித் துடைத்து முன்வரிசையில் நிறுத்தினேன்.

ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர், வண்டியைப் பார்த்ததும் தன் வாயைத் திறந்தபடி நின்றார்.

"என்னைப் பாத்தப்பகூட நீங்க இப்படி வாயப் பொளந்து நிக்கலயே" என்றார் மனைவி.

அந்த அம்மா கட்டடப் பொறியாளர். விரிசல் விட்ட கட்டடத்தில் இன்னும் ஆள் இருக்கலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலையாம். நேராக என்னிடம் வந்து கேட்டார்.

"அடிபட்ட வண்டியா இது?"

"கீழ குனிஞ்சு நீங்களே பாத்துருங்க மேடம்."

இப்படிச் சொன்னால் யாரும் குனிய மாட்டார்கள். அந்த அம்மா கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தரையில் மண்டி போட்டார். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் பழசா இருக்கு. அடித்தகடு மட்டும் புதுசா இருக்கே?"

"பழசு நல்லா இல்ல மேடம். மாத்திட்டேன்."

"ஏன், அதுக்கு என்ன ஆச்சு?"

அதற்குள் டாக்டர் உள்ளேயிருந்து கத்தினார். "இங்க வந்து உக்காந்து பாரேன், முதுக அமுக்கி விடுது! நீ ஒரு நாளாவது அமுக்கியிருக்கியா?"

"நான் அமுக்கினா கழுத்தத்தான் அமுக்குவேன்."

மூன்று பேரும் சிரித்தோம். கேள்வி அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போய்விட்டது. பதில் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது.

கிளம்பும்போது அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அந்தக் கடையில் யாரும் என்னிடம் அவ்வளவு தன்மையாகப் பேசியதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. மறைப்பானேன்? பொய் சொல்கிறவனை எதிர்பார்த்து நிற்கிற பார்வை அது என்று பட்டது.

"சார்ஜ் மட்டும் மெதுவா ஏத்துங்க மேடம். பேட்டரிக்கு அதுதான் நல்லது" என்றேன். இந்த ரக வண்டி எதற்கும் பொருந்துகிற பேச்சு அது.

கதவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டியில் மின்சாரம் அற்றுப்போனால் கதவை உள்ளேயிருந்து கையால் திறக்க வழி உண்டு. முன்கதவில் அது கண்ணில் படும். பின்கதவுக்கு, தரையில் விரித்த மிதியடிக்குக் கீழே ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும். வண்டியை ஒப்படைக்கும்போது எல்லோருக்கும் காட்டுவேன். இவர்களுக்கு முன்கதவோடு நிறுத்திக்கொண்டேன். பின்கதவைக் காட்டப்போனால், மின்சாரம் ஏன் அற்றுப்போகும் என்று அந்த அம்மா ஆரம்பித்திருப்பார்.

சில மாதம் ஒரு தொல்லையும் இல்லை. டாக்டர் தன் நண்பர்களையெல்லாம் எங்கள் கடைக்கு அனுப்பினார். முதலாளி என் முதுகில் தட்டி, "நீ சொன்னா சரியாத்தான்யா இருக்கும்" என்றார். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தை வார்த்தையில் சொல்ல முடியாது.

பிறகு ஒரு பகலில் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"சார், ஹைவேல நிக்கிறேன். சார்ஜ் இறங்கிருச்சு. இங்க வேகமா ஏத்துற மெஷின்தான் இருக்கு. போடலாமா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பார்.

"மத்தவங்க போடுறாங்களா சார்?"

"போடுறாங்க."

"அப்புறம் என்ன சார்."

கவனியுங்கள், போடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

"இல்ல, மெதுவாத்தான் ஏத்தணும்னு வீட்டுல கண்டிப்பா சொல்லியிருக்காங்க. இப்ப வீட்டுல தூங்குறாங்க. அதான் உங்களைக் கேட்டுக்கலாம்னு."

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். டாக்டர் காபிக் கடையில் இருந்தபோது வண்டியின் அடியிலிருந்து புகை வந்தது. அவர் ஓடி வருவதற்குள் எல்லா விளக்கும் அணைந்துவிட்டது. கதவுப் பிடிகள் வெளியே வரவில்லை. அந்த அம்மா பின் இருக்கையில் இருந்தார். இவர் வெளியிலிருந்து வெறுங்கையால் கண்ணாடியை அடித்தார், பிறகு கல்லை எடுத்தார். உள்ளேயிருந்தும் கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டதாம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. "மெதுவாத்தான் போடணும்னு அவ தலைதலையா அடிச்சுக்கிட்டா சார். கேக்காம நாந்தான் போட்டேன். நாந்தான் கொன்னுட்டேன்" என்று அழுதார். "உங்க மேல தப்பே இல்ல சார்" என்று ஆறுதல் சொன்னேன். அதுவும் உண்மைதானே.

நேற்று ஐயா கேட்டபோது, "வீட்டுல தூங்குறாங்க" என்றால் வீட்டில் யாரோ தூங்குகிறார்கள் என்றும் அர்த்தம் வரும் என்றேன். வரும்தான். எனக்கு அப்படி அர்த்தமானது என்று நான் சொல்லவில்லை. மனைவியைப் பெயர் சொல்லாமல் "வீட்டுல" என்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று நானே நாள் முழுக்கச் சொல்கிறேன்.

டாக்டரின் போன் பேச்சைத் தானாகப் பதிவு செய்யும் என்பது எனக்குத் தெரியாது. காலையில் நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். என் குரல் எனக்கே நன்றாகத்தான் இருந்தது, நிதானமாக.

"எழுப்பட்டுமா சார்? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா அவளும் சமாதானமாயிருவா" என்கிறார் டாக்டர்.

"வேணாம் சார், பாவம், தூங்கட்டும். ஏசி ஓடட்டும், கதவச் சாத்திட்டு நீங்க போயி ஒரு காபி குடிச்சிட்டு வாங்க" என்கிறேன் நான்.

ஆமாம், அந்த அம்மா வண்டிக்குள்தான் தூங்குகிறார் என்று தெரிந்துதான் சொன்னேன். கீழே என்ன நடக்கும் என்பதும் தெரியும். எழுப்பியிருந்தால் போனைக் கையில் வாங்கி, அந்தப் பழைய தகட்டுக்கு என்ன ஆச்சு என்று நேராகக் கேட்டிருப்பார். நடுவில் புகுந்து சிரிக்க வைக்க ஆளில்லை. நான் வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்தப் பாவத்தை மட்டும் நான் செய்யவில்லை ஐயா.