பின்புலக் குப்பியை மாற்றிய பெருந்தகைக்கு

முப்பத்தோராண்டுகள் இந்த நீர்ப் பரிசோதனைக் கூடத்தைக் கட்டியாண்டு, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் முதன்மை வேதியியலாளர் அவர்களுக்கு, கூடத்துப் பணியாளர்கள் படித்தளிக்கும் மடல்.

கண்ணுக்குப் புலப்படாத கதிரால் கலங்கலைக் கண்டறியக் கற்றுத் தந்த கண்ணியரே!

அகச்சிவப்புக் கருவி வந்திறங்கிய நாளில், பெட்டியின் ஆணி கீறிய கையோடு மாலை வரை நின்று பாடம் சொன்னீர்கள். முதலில் கருவிக்குத் தூய நீரைக் காட்ட வேண்டும், அதுவே பின்புலம். அடுத்து வைக்கும் நீரிலிருந்து அதைக் கழித்து, மிஞ்சும் அழுக்கை முகடாக வரைந்து காட்டும் என்றீர்கள். "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுப்பா. நாம சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு" என்று சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். அன்றைய உங்களை மனதார நேசித்தோம். அதைச் சொல்லாவிட்டால் இந்த மடலும் பொய்யாகிவிடும்.

கறை கண்ட இடத்தில் கருணை காட்டிய காவலரே!

மூன்றாண்டுகளுக்கு முன், கீழ்த்தெருக்களுக்கு நீர் தரும் நீர்த்தேக்கத்தின் நீரை அளந்தபோது தாளில் எண்ணெய் முகடு எழுந்தது. கரையிலிருக்கும் தொழிற்சாலையிலிருந்து இருவர் வந்து உங்கள் அறையில் அரை நாள் அமர்ந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை, 'தூய நீர்' என்று உங்கள் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய பின்புலக் குப்பியில், காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் அந்த நீர்த்தேக்கத்து நீரே இருந்தது. அழுக்கிலிருந்து அழுக்கைக் கழித்தால் என்ன மிஞ்சும்? கோடு மேசை விளிம்புபோல் நேராக வந்தது.

கீழ்த்தெருவில் குடியிருக்கும் நம் கூடத்து நீர் மாதிரி சேகரிப்பாளர், வீட்டுக் குழாய் நீரைக் கொண்டுவந்து மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்றார். "மெஷினுக்குத் தெரியாதது உன் மூக்குக்குத் தெரிஞ்சிடுச்சோ?" என்று கேட்டீர்கள். அவர் கொண்டுவந்த நீரோடு திரும்பினார். அவர் வீட்டில் அதையே குடித்தார்கள். உங்கள் அறைக்கு மட்டும் அந்த வாரத்திலிருந்து கேன் தண்ணீர் வந்தது. இன்று அவருடைய மனைவி ஈரல் கெட்டு மருத்துவமனையில் கிடக்கிறார். எதனால் என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை. கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

உங்களை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை ஐயா. குப்பி மாறியதைக் கண்டும் காணாமல், பதவி உயர்வை எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு, அறிக்கைக்கு அறிக்கை கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். வெட்கமாக இருக்கிறது.

நேற்று அந்தக் குப்பியைக் கழுவி, காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, கீழ்த்தெருக் குழாய் நீரை அளந்தோம். முகடு தாளின் மேல் விளிம்பைத் தொட்டது. அந்தத் தாளின் நகல், இந்த மடலைப் போட்டிருக்கும் கண்ணாடிச் சட்டத்துக்குள், மடலின் முதுகில் இருக்கிறது. மூலத்தாள், மூன்றாண்டுப் பொய் அறிக்கைகளோடு, இன்று காலை குடிநீர் வாரியத்துக்குப் போய்விட்டது. நண்பகலில் கீழ்த்தெருக் குழாய்களை அடைத்துவிட்டார்கள். லாரியில் நல்ல தண்ணீர் போகிறது.

ஓய்வு பெறும் உத்தமரே, நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள். விசாரணைக்கு அழைக்கும் நாளில், எங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொல்லும் தெம்போடு வாழுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் சொற்படி கையெழுத்திட்ட பதினொரு பணியாளர்கள்.
முதல் கையெழுத்து, மருத்துவமனையிலிருந்து, மாதிரி சேகரிப்பாளர்.