ஆமைப் படம்

எனக்கு இளைஞர்களைப் பிடிக்கும். ஔந்திலுள்ள என் வீட்டிலிருந்து தளேகாவில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் காரில் அவர்களுடைய பாட்டுகளைத்தான் கேட்பேன். மனிதவள மேலாளருக்கு அது தேவை.

வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சில மாதங்களிலேயே விலகிவிடுவார்கள். கேட்டால், போரடிக்கிறது என்பார்கள். அதனால் வேலையை விளையாட்டாக்கினேன். பிரஸ் இயந்திரத்தில் யார் எத்தனை தகடு அடித்தார்கள் என்று பெரிய திரையில் காட்டினோம். முதலிடத்துக்குச் சிறுத்தை, கடைசி இடத்துக்கு ஆமை. படங்களை நானே தேர்ந்தெடுத்தேன். உற்பத்தி கூடியது, விலகுவோரும் குறைந்தார்கள்.

கசார்வாடியிலிருந்து வரும் பையன் சாய்கிருஷ்ணா மட்டும் எப்போதும் கடைசி. என்னிடம் தட்டுத்தடுமாறித் தமிழில் பேசுவான்.

"ஆன்ட்டி, பசங்க சென்சார்ல சில்வர் ஸ்டிக்கர் ஒட்றாங்க. கை உள்ள போனாலும் பிரஸ் நிக்காது. அதான் அவங்களுக்கு ஃபாஸ்ட்டா வருது."

"நீ?"

"நான் ஒட்டல. பயமா இருக்கு. ஆனா ஆமை, ஆமைன்னு கேன்டீன்ல என் தட்டுல இலைய பறிச்சுப் போடறாங்க. 'கா லே, கச்சுவா', தின்னுடா ஆமைங்கறாங்க. அந்தப் படத்த மட்டும் எடுத்துடுங்க, ப்ளீஸ்."

குறுக்கிடாமல் கேட்டேன். இந்தத் தலைமுறை எதிர்பார்ப்பது அதைத்தான். ஸ்டிக்கர் விஷயம் எனக்கு முன்பே தெரியும். உற்பத்தி கூடியதே அதனால்தான்.

"வேகமா செய்யறவங்கள பாத்துக் கத்துக்கோ, கண்ணா."

"அப்போ ஒட்டலாமா ஆன்ட்டி?"

"நான் அப்படிச் சொல்லலையே."

சிரித்தேன். அவனும் சிரித்தான்.

அடுத்த வாரம் ஆமை வேறொருவனுக்குப் போனது. சாய்கிருஷ்ணா என் அறை வாசலில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

பிறகு ஒரு காலையில் பிரஸ் அவனுடைய வலது கைமேல் இறங்கியது. எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆம்புலன்ஸை நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்தார்கள். நான் மற்ற இயந்திரங்களுக்குப் போய் ஒவ்வொன்றிலும் இருந்த ஸ்டிக்கரை உரித்தேன். நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. கொஞ்சம் நேரம் பிடித்தது. அவன் 'ஆன்ட்டி, ஆன்ட்டி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய ஸ்டிக்கரை மட்டும் விட்டுவைத்தேன். அதன் பிறகு ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். இன்ஸ்பெக்டர் சார், தவறு அவன் ஒருவனுடையது என்று உங்கள் அறிக்கையில் நீங்கள் எழுதியது அதனால்தான்.

கை போய்விட்டது. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர்.

அந்த வாரம் திரையில் அவன்தான் கடைசி. ஆனாலும் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஆமை வர நான் விடவில்லை. வாய்விட்டுக் கேட்டிருந்தானே. பிள்ளைகள் மனம் புண்பட நான் விடுவதில்லை.