விளக்குப் பெட்டியில் வைத்த உறைகள்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதற்காகத்தான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்த என்னைப் பிடித்து அந்த ஆய்வில் உட்கார வைத்தார்கள்.

மார்பகப் புற்றுநோய்க் கட்டியை எடுக்கும்போது சில பெண்களுக்கு மூச்சு வழியாக மயக்க வாயு. சிலருக்கு நரம்பில் மயக்க ஊசி, கூடவே நெஞ்சை மரத்துப்போகச் செய்யும் மருந்து. ஊசியில் மயங்கியவர்களுக்கு நோய் திரும்புவது குறையலாம் என்பது மயக்க மருந்து டாக்டரின் சந்தேகம். தாலாட்டு டாக்டர் என்று நாங்கள் அவரைக் கேலி செய்வோம். யாருக்கு எது என்பதை ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டு சொல்லும். உறைப்பெட்டி என் பொறுப்பு.

என் தங்கைக்கும் கட்டி வந்தது. ஆய்வில் சேர்ந்தாள். அவளுடைய உறையைப் பிரித்தால் வாயு.

"டாக்டர், என்கூடப் பொறந்தவ. இவளுக்கு ஊசியே போட்டுடுங்களேன்" என்றேன்.

"எது நல்லதுன்னு எனக்கே தெரியாது சிஸ்டர். தெரிஞ்சா எதுக்கு இந்த ஆய்வு? என் வீட்டு ஆளுன்னாலும் உறைதான்."

நம்பினேன். பதினான்கு மாதத்தில் அவளுக்கு நோய் எலும்புக்குப் போனது. அடுத்த ஐந்தாம் மாதம் அவளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு டாக்டரின் மனைவிக்கு அதே அறுவை. உறை கேட்டு யாரும் என்னிடம் வரவில்லை. மயக்க மருந்துக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஊசி. கூட இருந்தே குழி பறித்துவிட்டார் மனிதர்.

எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் உறையை வைத்தால் உள்ளே இருக்கும் எழுத்து தெரியும். அதன்பின் சிபாரிசோடு வந்தவர்களுக்கு வாயு, நாதியில்லாமல் வந்தவர்களுக்கு ஊசி என்று உறைகளை மாற்றி வைத்தேன். அவ்வளவுதான். அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

இரண்டு வருடம் கழித்து டாக்டர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"வீட்டுல அவளுக்குத் திரும்ப வந்துடுச்சு சிஸ்டர். ஈரல்ல. உங்ககிட்ட அன்னிக்கு பெரிசா பேசிட்டேன். அவ முகத்தப் பாத்ததும் உறை எடுக்க மனசு வரல. மன்னிச்சிடுங்க."

அழுதார். நானும் அழுதேன், ஆனால் அவருக்காக அல்ல. ஊசியும் காப்பாற்றவில்லை என்றால், என் தங்கையை யாரும் எதுவும் செய்யவில்லை என்று ஆகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து யார் சிபாரிசு என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பரிசோதனை அறிக்கையைப் பார்த்தேன். சின்னக் கட்டி என்றால் ஊசி. கட்டி பெரிதாகி அக்குள் வரை பரவியிருந்தால் வாயு. மூன்று வருடம் அப்படித்தான் நடந்தது. வாயு பெற்றவர்களுக்கு நோய் இரண்டு மடங்கு திரும்பியது என்ற முடிவை நீங்களே படித்திருப்பீர்கள். அதைப் பார்த்துப் பல ஆஸ்பத்திரிகளில் முறையையே மாற்றிவிட்டார்கள்.

வாயு கெடுதல் என்று நான் நம்பினேனா என்று விசாரிக்க வந்த நீங்கள் கேட்கிறீர்கள். நம்பினேன். நம்பித்தான், பிழைப்பார்களா என்று இழுபறியாக இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்தேன். முப்பத்தொரு பேர் இன்று இல்லை. அவர்கள் பெயர்களை எழுதித் தருகிறேன்.

ஆனால் ஒன்று. என் தங்கைக்கு அநியாயம் நடந்தது என்பதற்கு இப்போது ஆதாரம் இருக்கிறது.