பின்பக்கம் நாலு விரல் கூட

மலைக்கு ரோடு வராத காலமாம். அப்ப நம்ம ஓடைப்பாறையில பூவாண்டின்னு ஒருத்தர் இருந்தாராம். பூண்டுக் காட்டுக்கெல்லாம் தண்ணி திருப்பி விடுறது அவரு வேலை. மார்கழிப் பனி எப்படின்னு உங்களுக்குச் சொல்லணுமா? விடிஞ்சா பூண்டுத் தாளு மேல வெள்ளையா உறைஞ்சு கெடக்கும். வெயிலு படுறதுக்குள்ள தண்ணி விட்டுக் கழுவலைன்னா பயிரு கருகிரும். அதனால கிழக்கு வெளுக்கும்போதே முழங்கால் தண்ணியில நிப்பாராம் மனுசன்.

அவருக்கு முதுகுல கூனு. பொறந்ததுல இருந்தே. எந்தச் சட்டையும் சேராது. போத்துன கம்பளியும் குனிஞ்சா தண்ணியில விழும். ஈரக் கம்பளியோட நின்னு நின்னு நெஞ்சுல சளி கட்டிருச்சு. 'இன்னொரு பனிக்காலம் இந்த நெஞ்சு தாங்காது'ன்னு வைத்தியர் சொல்லிட்டாராம்.

கேட்டுக்கிட்டு நின்னவ அவரு பொண்டாட்டி சிலம்பாயி. கட்டிக்கிட்டு ஒரு வருசங்கூட ஆகலை. வெள்ளைக்காரத் தொர பங்களாவுல வேலை பாத்தப்ப தொரசாணிகிட்ட ரெண்டு ஊசியில கம்பளி நூல் பின்னக் கத்துக்கிட்டவ. நேரா அங்க ஓடுனா. தொரசாணி ஒரு புஸ்தகத்தைக் காட்டுச்சாம். எத்தனை கண்ணி ஏத்தணும், எங்க குறைக்கணும், எல்லாம் படம் போட்டிருக்கு. சிலம்பாயி பாத்தா, பாத்தா, மூடி வச்சுட்டா.

'இதுல இருக்குறவன் எல்லாம் நேரா நிக்கிறானே அம்மா. எங்க வீட்டுக்காரரு இதுல இல்லை.'

அப்ப ஆளை அளக்கணும்ல? அங்கதான் வம்பு. பூவாண்டி யாருக்கும் முதுகைக் காட்ட மாட்டாரு, பொண்டாட்டிக்குங்கூட. உக்காந்தா சுவத்தோட சாஞ்சு உக்காருவாரு. நடந்தா எல்லாருக்கும் பின்னாடி நடப்பாரு.

'ஏங்க, சித்த திரும்புங்க.'

'சோத்தைப் போடு புள்ள.'

சரின்னு கண்ணால பாத்த அளவுக்கே பின்னுனாளாம். போட்டா, கூனு மேல ஏறிக்கிட்டு இடுப்பு தெரியுது. பிரிச்சா. மறுபடி பின்னுனா, கழுத்தை நெரிக்குது. பிரிச்சா. மார்கழியும் பொறந்துருச்சு. ஆளு இருமுறது வாய்க்கால்ல இருந்து வீட்டுக்குக் கேக்குது.

மூணாவதா பின்னுனதும் சேரலை. அதைப் பிரிக்க உக்காந்தவ அழுதுட்டா. சத்தமில்லாம, நூலைச் சுத்திக்கிட்டே அழுதாளாம். பூவாண்டி பாத்துக்கிட்டே இருந்தாரு. என்ன நெனைச்சாரோ, சுவத்தை விட்டு எந்திரிச்சு வந்து, அவ முன்னால முதுகைத் திருப்பி உக்காந்தாராம்.

'ம். அளந்துக்க.'

அவ கையை வச்சா. ஆளு நடுங்கிட்டாரு. சாண் போட்டு, விரல் போட்டு அளந்தா. முன்பக்கத்தை விட பின்பக்கம் நாலு விரல் கூட.

'வலிக்குதா?'

'இல்ல புள்ள. உன் கை சூடா இருக்கு.'

அஞ்சாம் நாள் சட்டை தயார். கையில்லாத சட்டை, அவரு ஒடம்புக்குன்னே பொறந்தது மாதிரி இருந்துச்சாம். இருமல் மெல்ல அடங்குச்சு. ஆனா ஊரு சும்மா இருக்குமா? தொவைச்சுக் கொடியில போட்ட அன்னைக்கு, பின்பக்கம் தொங்குறதைப் பாத்து, 'கூனன் சட்டை, கூனன் சட்டை'ன்னு சிரிச்சாங்களாம். மறுநா மனுசன் அதைத் தொடலை. வெறும் ஒடம்போட தண்ணிக்குப் போயிட்டாரு.

சிலம்பாயி யாரோடயும் சண்டை போடலை. நூலை எடுத்தா. ஊர்ப் பெரியதனக்காரருக்கு ஒரு சட்டை பின்னி, கொண்டு போய்க் கொடுத்தா. அதுலயும் பின்பக்கம் நாலு விரல் கூட! 'குனிஞ்சு வேலை பாக்குறவங்களுக்கு இடுப்புல பனி அடிக்காது சாமி'ன்னாளாம். அவரு போட்டுப் பாத்தாரு, குனிஞ்சு பாத்தாரு, கழட்டவே இல்லை. பெரிய வீட்டுல போட்டாச்சுன்னா அப்புறம் கேக்கணுமா? எனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு சிரிச்சவன் பூராம் வாசல்ல வந்து நின்னானாம். அத்தனை பேருக்கும் பின்னிக் கொடுத்தா. அத்தனையும் அதே அளவு.

அடுத்த பனிக்கு ஊர்க் கொடியில வரிசையாச் சட்டை காயுது. பூவாண்டி வந்து நின்னு பாத்தாராம்.

'இதுல எது புள்ள என்னோடது?'

'எனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு.'

தெரியாமயா இருக்கும் அவளுக்கு! மனுசன் அப்படியே நின்னு சிரிச்சாராம். அதுக்கப்புறம் எத்தனையோ பனிக்காலம் பாத்துட்டுத்தான் போனாராம்.

அதான், இன்னைக்கும் ஓடைப்பாறையில எவ பின்னுனாலும், எவ்வளவு நிமிந்த ஆம்பளைக்குப் பின்னுனாலும், பின்பக்கம் நாலு விரல் கூட விட்டுத்தான் பின்னுவா. சந்தைக்காரன் கேலி பண்ணுவான், பண்ணிட்டுப் போகட்டும். நம்ம ஊருல ஒருத்தரைத் தனியா நிறுத்த மாட்டோம்.