ஊர்ப்பெயர் எடுத்த தலைப்பு

இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் ஒரு சால்வை எடுத்துப் போவது நல்லது. அந்த அறைகளில் ஏசியை யாரும் குறைக்கமாட்டார்கள். குறைக்கச் சொல்ல நமக்கும் வாய் வராது.

புராடக்ட் மேனேஜர் என்றால் என்ன வேலை என்று அப்பா கேட்டார். செய்தி ஆப்பை ஆட்கள் அடிக்கடி திறக்கும்படி செய்கிற வேலை என்றேன். "அதுக்கு எதுக்கும்மா தனியா ஒரு ஆளு?" என்றார். மூட்டை தூக்குகிறவர் கேட்டால் நியாயம்தான். முன்பு போன கம்பெனியில் ஓர் அம்மாள், வீட்டில் எந்தப் பத்திரிகை வாங்குவீர்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை பொட்டலமாகத்தான் வந்திருக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வேலை தரவில்லை.

இந்தச் செய்தி நிறுவனத்தில் கடைசிச் சுற்று வேறு மாதிரி. தெரிந்தவர்களை அவர்கள் ஆப்பில் சேர்த்துவிட்டு வர வேண்டும். அங்கே உட்கார்ந்து ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பு எழுத வேண்டும். கம்ப்யூட்டர் நம் ஆட்களைத் தானே இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு தலைப்பைப் போனுக்கு அனுப்பும். எதை அதிகம் பேர் திறக்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

அக்காவையும் சேர்த்தேன்.

"செய்தி படிக்கிற மூஞ்சியாடி எனக்கு?" என்றாள்.

"படிக்க வேணாம். மணி அடிச்சா தொடு, போதும்."

"தொட்டுத் தொலைக்கிறேன். நீ வேலைய வாங்கு."

அவர்கள் கொடுத்த செய்திகளில் ஒன்றை எடுத்தேன். எங்கோ தொலைவில் பள்ளி வேன் கவிழ்ந்திருந்தது. பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு சரி. முதல் தலைப்பில் ஊர்ப்பெயர் போட்டேன். இரண்டாவதில் அதை எடுத்துவிட்டேன்: 'பள்ளி வேன் கவிழ்ந்தது: குழந்தைகள் நிலை என்ன?' ஒரு சொல்லை எடுத்தது தவிர வேறெதுவும் செய்யவில்லை.

திரையில் அக்காவின் பெயர் இரண்டாவது தலைப்பின் பக்கம் இருந்தது. அவள் பெண் வேனில்தான் பள்ளிக்குப் போகிறாள். அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பவள், தலைப்பைத் தாண்டமாட்டாள். இரண்டும் எனக்குத் தெரியும். பெயரை இழுத்து முதல் தலைப்பின் பக்கம் போட்டிருக்கலாம். ஒரு போன் போட்டு, 'நம்ம பாப்பா வேன் இல்ல' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் திறக்கமாட்டாள்.

தேர்வு நடத்திய குறுந்தாடிக்காரர் பின்னால் நின்றார். "கையால யாரையும் மாத்திடாதீங்க மேடம். அப்புறம் ரிசல்ட் செல்லாது."

"மாத்தல சார்."

எனக்கு முன்னால் அதே நாற்காலியில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து போயிருந்தார்கள். அவர்கள் ஏமாற்றியிருக்கலாம். நான் நேர்மையாகச் செய்தேன்.

அனுப்பியதும் திறந்தவர்களின் பெயர்கள் பச்சையாக மாறத் தொடங்கின. முதல் பக்கம் தூங்கி வழிந்தது. இரண்டாவது பக்கம் மளமளவென்று மாறியது. அக்கா சொன்ன சொல் தவறவில்லை, முதல் ஆட்களோடு பச்சையானாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

குறுந்தாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஊர்ப்பேர எடுக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"எல்லாரும் தன் பிள்ளையத்தான் நினைப்பாங்க சார். பயந்தா திறப்பாங்க."

"நேத்து வந்த ஒருத்தருக்கும் இது தோணலியே," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அக்காவின் கணவர், மாமா. இன்டர்வியூவில் போன் எடுப்பது மரியாதை இல்லை.

அக்கா வேலை பார்த்த தையல் கம்பெனி வாசலில் லாரிகள் போகிற சாலை. போனைக் கையில் பிடித்தபடியே பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் குறுக்கே ஓடியிருக்கிறாள். பாப்பா அப்போது வகுப்பில் இருந்தாள்.

வேலை கிடைத்துவிட்டது. அக்காவின் காரியமெல்லாம் முடிந்து நான் சேரப் போன காலையில் மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"போன்ல என்னத்தையோ பாத்துட்டு ஓடினாளாம். கூட வேலை செய்யறவங்க சொல்றாங்க. என்னத்தம்மா பாத்தா?"

"தெரியல மாமா."

இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். தலைப்பில் இருந்தது அத்தனையும் உண்மை.