நெஞ்சுப் படத்தில் தெரிந்த வெண்புள்ளி

1958-ஆம் வருஷம் ஜூன் மாதம் 13-ஆம் தேதி காலை, விசாரணை அதிகாரி முன்னிலையில் சாட்சி சொன்னது:

என் பெயர் காஜா மைதீன். தகப்பனார் காலஞ்சென்ற மர்ஹூம் அபுபக்கர் ராவுத்தர். வயது அறுபத்திரண்டு. புதுக்கோட்டையில் குடியிருக்கிறேன். இவ்வூர் தர்ம ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பகுதியில் ஏழு வருஷமாக மேற்பார்வை பார்க்கிறேன். நோயாளிகளை வரிசைப்படுத்துவதும், படத்துக்கு ஈய எண் வைக்கச் செய்வதும், காய்ந்த படங்களை டாக்டர்களுக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. களிமண்ணிலிருந்து மனிதனை வகுத்தவனின் கைவேலையைத் திரை நீக்கிக் காட்டும் இடமாகையால், தொழுகைக்குப் போல் கை கால் முகம் கழுவி ஒளூச் செய்யாமல் நான் அவ்வறைக்குள் நுழைவதில்லை.

11-ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு, நார்த்தாமலையைச் சேர்ந்த சொர்ணவல்லி என்ற பெண்ணை, பக்கத்துக் கொல்லைக்காரர் மதுரைவீரன் தம் மாட்டு வண்டியிலேயே கொண்டுவந்தார். பெண்ணின் இடது தோளுக்குக் கீழே இரத்தக் காயம் இருந்தது. மதுரைவீரன் என்னிடம், "காக்கா வெரட்ட வானத்தப் பாத்துத்தாங்க சுட்டேன். சத்தத்துல பயந்து முள்வேலில விழுந்துட்டாங்க" என்றார். துப்பாக்கி ரவை பட்டதா, முள் குத்தியதா என்பது அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை.

அதன்பின் படம் எடுக்க ஏற்பாடு செய்தேன். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. ஆயா ஆரோக்கியம்மாள் தாலியைக் கழற்றச் சொன்னபோது அந்தப் பெண் மஞ்சள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, "அவுக கொழும்புல இருக்காக. உசுரே போனாலும் கழட்ட மாட்டேன்" என்றார். கயிற்றில் பயறளவு உருண்டைப் பொன்மணி ஒன்று மட்டுமே இருந்தது. நான், "கழட்ட வேணாம் ஆத்தா, முதுகுப் பக்கம் தள்ளிக்கங்க" என்றேன். அவர் அப்படியே மல்லாந்து படுத்தார். படம் பிடிக்கும் ரெங்கராஜ் இதைக் கவனிக்கவில்லை. நானும் அவருக்குச் சொல்லவில்லை.

அதன்பின் 214 எண்ணிட்ட அந்தப் படத்தில் நெஞ்சின் இடப்புறம் வெண்ணிறமான வட்டம் ஒன்று தெரிந்தது. பெரிய டாக்டர் ரவை உள்ளே தங்கியிருப்பதாக எழுதி, மறுநாள் நெஞ்சைத் திறக்க உத்தரவிட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே மதுரைவீரனைக் கைது செய்தார்கள்.

12-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு, ஆபரேஷன் அறைக்கு அனுப்புமுன் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். வட்டத்தின் நடுவே மயிரிழை போல் ஒரு துளை ஊடுருவிச் சென்றது. ரவைக்குத் துளை கிடையாது. கயிறு கோத்த மணிக்குத்தான் உண்டு. முதுகுக்கடியில் கிடந்த தாலி மணியே அது. அதன்பின் ஆபரேஷன் அறைக்கு ஓடினேன். பெண்ணை மேஜையில் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர், "என்ன பாய், நீங்களும் கத்தியப் பிடிக்க வந்துட்டீங்களா?" என்றார். நான் துளையைக் காட்டி, முந்தின நாள் நான் செய்ததைச் சொன்னேன்.

அதன்பின் இரண்டாம் முறை படம் எடுத்தோம். இம்முறையும் சொர்ணவல்லி கயிற்றைக் கழற்ற உடன்படவில்லை. ஆரோக்கியம்மாள், "அப்ப வாயில கவ்விக்கடி மகராசி, மூச்ச அடக்கு, பேசிப்புடாத" என்றாள். மணியைப் பல்லிடுக்கில் வைத்தபடி அவர் படுத்திருந்தார். 219 எண்ணுள்ள அப்படத்தில் நெஞ்சுப் பகுதியில் வெண்புள்ளி இல்லை. டாக்டர் காயத்தைக் கழுவி, ஓர் அங்குல நீளமுள்ள கருவேல முள்ளை எடுத்தார். முள் எக்ஸ்ரேயில் தெரியாது என்று அவரே சொன்னார்.

அந்த இரண்டாம் படத்தை ஈரம் உலருமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விலா எலும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓலைச்சுவடியின் வரிகளைப் போல வளைந்திருந்தன. நடுவே இருதயத்தின் நிழல் சற்றே சாய்ந்திருந்தது. எவர் கத்தியும் தீண்டாத அந்த உள்ளறையைப் பார்த்துக்கொண்டு, அடுத்த நோயாளியை அழைக்கவும் மறந்து நின்றேன்.

தவறு என்னுடையது. அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன். இரு படங்களையும் ஒப்படைத்திருக்கிறேன். மதுரைவீரன் இன்னும் காவலில் இருக்கிறார்.

இதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். படைத்தவன் சாட்சியாக, இதில் உள்ளவை யாவும் நான் கண்டதும் செய்ததுமே. கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை.

(ஒப்பம்) அ. காஜா மைதீன்